வடிவேலுவின் எஞ்சினுக்கு ரிங் வாங்கிய கதை

என் அன்பு வடிவேலு மச்சானே,

கையில் எண்ணெய் இருந்தாலும் பரவாயில்லை, துடைக்காமலேயே இதை வாங்கிப் படி.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. திதிக்கு ஏதாவது எழுதி வாசியுங்கள் என்று பாக்கியம் சொன்னாள். நல்ல வார்த்தையாக நாலு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு உன்மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது, என்மேல் நிறையக் கோபம் இருக்கிறது. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். நம் காஜா பெராங் ஊர் முழுக்க இதைக் கேட்கும். கேட்கட்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நமக்குள் ரத்த உறவு கிடையாது என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. உன் மனைவி பாக்கியம் என்னை "அண்ணே" என்று கூப்பிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டு நீ என்னை மச்சான் என்றாய். நானும் உன்னை மச்சான் என்றேன். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உன் வீட்டில் நான் சாப்பிட்ட சோற்றுக்கு அளவே இல்லை.

முதலில் ஊர்ச் செய்தி. மெர்டேக்கா வந்துவிட்டது, மலாயாவுக்குச் சுதந்திரம். நீ பார்க்கவில்லையே என்று அன்றைக்கு உன்னைத்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் என் மகள் லெட்சுமிக்கு ஒரு காகிதக் கொடி கொடுத்தார்கள். அதை வாங்கி என் சைக்கிளில் கட்டிக்கொண்டு வழக்கம்போல வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் படிக்கப் போனேன். ஒரு சீன அம்மா கொடியைப் பார்த்துவிட்டு, "இனிமேல் தண்ணீர் சும்மாவா?" என்று மலாயில் கேட்டாள். இல்லை என்றேன். கதவைச் சாத்திவிட்டாள்.

இனி எஞ்சினுக்கு வருகிறேன். மெர்டேக்காவுக்கு முந்தின வாரம் உன் மாவு மில் எஞ்சின் நின்றுபோனது. கைப்பிடியைச் சுற்றினால் பெருமூச்சு விடுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது. கழற்றிப் பார்த்தோம். பிஸ்டன் ரிங் மூன்றும் போய்விட்டன. ஒன்று கையில் எடுத்ததுமே ரொட்டித் துண்டு மாதிரி ஒடிந்தது.

அந்த எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ போனதிலிருந்து பாக்கியம்தான் மில்லை நடத்துகிறாள். உன் இரண்டு பெண்களும் அதில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து அவள் அண்ணன் ஓடி வந்தார். நான் சும்மா அண்ணன், அவர் சொந்த அண்ணன். "தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன். மிஷின் ஓடலைன்னா இரும்புக்காரன்கிட்ட தள்ளிவிட்டுட்டு நீ பிள்ளைங்களோட எங்கூட வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் போனதும் பாக்கியம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அங்க போனா என் பிள்ளைங்க கையில புத்தகம் இருக்காது அண்ணே, பால்மரக் கத்திதான் இருக்கும்."

"கவலைப்படாதேம்மா, ரிங் தானே? நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். சொல்லும்போது என் நெஞ்சு கொஞ்சம் விரிந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். என்ன இருந்தாலும் ஆறாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவன் நான். நம்பர் படிப்பதே என் பிழைப்பு.

நீ இருந்தபோது பார்ட்ஸ் வாங்கிய விதம் எனக்குத் தெரியும். பழைய சாமானை அப்படியே கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவாய். கடைக்காரர் மேசையில் வைத்து "இந்த மாதிரி ஒண்ணு" என்பாய். கிடைக்காவிட்டால் பட்டறையில் கடைந்துகொள்வாய். ஒரு நாள்கூட நீ நம்பர் சொல்லி எதுவும் வாங்கியதில்லை. அதைப் பார்த்து நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்! "எஞ்சின் நெற்றியிலேயே வெள்ளைக்காரன் நம்பர் எழுதித் தந்திருக்கிறான். ஒரு கடிதம் போட்டால் கப்பலில் வந்து இறங்கும். நீ ஏன் மச்சான் பிச்சைக்காரன் மாதிரி சாமானைக் கையில் ஏந்திக்கொண்டு அலைகிறாய்?" என்று கேட்பேன். நீயும் சிரிப்பாய். பதில் மட்டும் சொல்லமாட்டாய்.

அந்த நெற்றிப் பித்தளைத் தகட்டில் நீ ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அப்பிய சந்தனமும் குங்குமமும் எண்ணெயோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. அரை நாள் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். நம்பர் வந்தது. மீட்டர் நோட்டில் குறித்துக்கொண்டு, அந்த ரக எஞ்சின் விற்கிற சிங்கப்பூர் கம்பெனிக்கு என் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். லெட்சுமி படித்துப் பார்த்து, "அப்பா, ஒரே வாக்கியத்தில் மூணு தடவை 'சார்' வருது" என்றாள். மரியாதை அதிகமானால் என்ன கெட்டுப்போகும் என்றேன்.

பார்சல் வந்தது. பாக்கியம் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். ரிங் பிஸ்டனில் ஏறவில்லை, மச்சான். சின்னப் பிள்ளை வளையலைப் பெரிய பொம்பளை கையில் மாட்டுகிற மாதிரி இருந்தது. சிலிண்டருக்குள் விட்டால் தடுக்காமல் கீழே விழுகிறது. உன் சின்ன மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மாமா, இது வேற மிஷினுக்குப் போல" என்றாள். பிள்ளை சொன்னதை அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லையே! கம்பெனிக்காரன் பார்த்து அனுப்பவில்லை என்று அவன்மேல் பாய்ந்தேன். இரண்டாவது கடிதத்தில் ஒரு 'சார்' கூடப் போடவில்லை. "நம்பரைச் சரியாகப் படிப்பது என் தொழில். உங்கள் தொழில் என்ன?" என்று கேட்டிருந்தேன்.

அதற்குப் பதிலாக அதே அளவு ரிங் மறுபடி வந்தது, கூடவே ஒரு கடிதமும். லெட்சுமிதான் படித்துச் சொன்னாள். எங்கள் புத்தகப்படி இந்த நம்பர் எஞ்சின் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு விற்கப்பட்டது, தங்கள் கைக்கு எப்படி வந்தது என்று தயவுசெய்து தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தார்கள்.

"அப்பா, அப்படின்னா?" என்றாள் லெட்சுமி.

"அப்படின்னா ஒண்ணுமில்லை. போய்ப் படி" என்றேன். கடிதத்தை மீட்டர் நோட்டுக்குள் செருகினேன்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். நீ அந்த எஞ்சினை ஒரு சீன முதலாளி தவுக்கேயிடம் வாங்கினேன் என்றாயே. அப்படியானால் தோட்டம் எங்கிருந்து வந்தது? தவுக்கே தோட்டத்தில் வாங்கியிருப்பாரோ? இல்லை... வேண்டாம், அந்தச் சொல்லை அப்போது மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லவில்லை. உன்னைத் தெரிந்த எனக்கு அந்தச் சந்தேகம் வந்ததே, அது எப்படி வந்தது? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாள் நான் நேராகப் பாக்கியத்திடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவள் மனசு கஷ்டப்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காக்காவின் டீக்கடையில் தே குடிக்கும்போது ஒரே ஒரு ஆளிடம், யோசனை கேட்கிற மாதிரிக் கேட்டேன். "யாருக்கும் சொல்லாதே, ஒரு சின்னக் குழப்பம்" என்று ஆரம்பித்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியுமே. நான் யோசனை கேட்பதும் ஊருக்குச் சொல்வதும் ஒன்றுதான். பிறகு மீட்டர் படிக்கப் போன இரண்டு மூன்று வீடுகளிலும் அதே யோசனையைக் கேட்டிருக்கிறேன். எத்தனை வீடு என்று அப்போது நான் எண்ணவில்லை.

மூன்று நாளில் கதை எனக்கே திரும்பி வந்தது. அதற்குள் அது வளர்ந்திருந்தது. நீ தோட்டத்து எஞ்சினை மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு மூடிக் கொண்டுவந்தாயாம். சொன்னவர் வண்டி மாட்டின் நிறம்கூடச் சொன்னார். கோயில் தலைவர் பாக்கியத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார். எஞ்சின் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, இனி மாவிளக்குக்கு அரிசி அங்கே வராது, சாமி காரியத்துக்குத் திருட்டு மிஷின் மாவு ஆகாது என்று செய்தி.

பாக்கியம் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணே, சிங்கப்பூர்லேருந்து கடுதாசி வந்திச்சாமே?"

"ஆமாம்மா."

"எல்லாரும் படிச்சாச்சா, இன்னும் யாராவது பாக்கி இருக்காங்களா?"

நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணே. அந்த எஞ்சின் வாங்க என் கழுத்துச் சங்கிலியை நானே கழட்டிக் குடுத்தேன். தவுக்கே வீட்டு வாசல்ல நின்னுதான் குடுத்தேன். எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"தகட்டில் வேறு மாதிரி இருக்கேம்மா..."

"தகடு பேசுறதைக் கேட்டீங்க. நான் பேசுறதைக் கேட்கலை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். போகும்போது திரும்பி நின்று ஒன்று சொன்னாள். "சப்பான்காரன் காலத்துல ஒரு நாள் அவரும் மோட்டார் மாணிக்கம் பிள்ளையும் மில்லுக் கதவைச் சாத்திக்கிட்டு அரை நாள் என்னமோ தட்டிக்கிட்டு இருந்தாங்க. என்னை உள்ளே விடலை. அவர்கிட்ட போய்க் கேளுங்க. யோசனையா கேட்காதீங்க, கேள்வியா கேளுங்க."

மாணிக்கம் பிள்ளையை இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அடுத்த தெருவில் மோட்டார் ரிப்பேர் பண்ணுகிற மலாக்காச் செட்டி மனுஷர், பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாய்க்காரர்களோடு கலந்துபோன தமிழ் வம்சம். நெற்றியில் விபூதி, பெயர் தமிழ், கோயிலில் எனக்கு முன்னால் நிற்பார். ஆனால் தமிழ் வராது. வீட்டிலும் வெளியிலும் அவர்களுடைய மலாய்தான். என்னுடைய மலாய் மீட்டர் படிக்கிற அளவுக்கு இருக்கும். அதை வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

அவர் கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. தோட்டம் என்று நான் சொன்னதுமே சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து ஒரு சுரண்டியை எடுத்துக்கொண்டு உன் மில்லுக்கு வந்தார். தகட்டின் பக்கமே போகவில்லை. பெரிய சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, பச்சைப் பெயிண்டைச் சுரண்டினார். இரும்பிலேயே வெட்டின நம்பர் வெளியே வந்தது. அது வேறு நம்பர், மச்சான். முழுக்க வேறு.

அப்புறம் சொன்னார். சப்பான்காரர்கள் எஞ்சின்களைக் கணக்கெடுக்க வந்தபோது, பெரிய எஞ்சினை எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்களாம். குட்டி எஞ்சினை விட்டுவிட்டார்களாம். வந்த ஆபீசருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, தகட்டைப் படிக்க மட்டும் தெரியும். நீ எங்கேயோ தோட்டத்துக் குப்பையில் கிடந்த ஓட்டைத் தண்ணீர் பம்ப் எஞ்சினின் தகட்டைக் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறாய். உன் பெரிய எஞ்சினின் தகட்டை எடுத்துவிட்டு, அந்தச் சின்ன எஞ்சின் தகட்டை மாணிக்கம் பிள்ளை கையால் அடிக்க வைத்திருக்கிறாய். ஆபீசர் வந்தான், குனிந்து படித்தான், போய்விட்டான்.

ஆக நம்பரை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் சப்பான்காரன், இன்னொருவன் உன் மச்சான்.

நான் பிள்ளையிடம் கேட்டேன், வடிவேலு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. தினமும் உன்னோடு உட்கார்ந்திருந்தவன் நான்தானே? அவர் என் வாயைச் சுட்டிக்காட்டி, "லூ பூஞா மூலுட்" என்றார். உன் வாய்தான் காரணம் என்று அர்த்தம். என் முகம் மாறினதைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். "தெரிந்திருந்தால் விசாரணையில் உன்னையும் அடித்திருப்பார்கள், தெரியாதவனை எத்தனை அடித்தாலும் எதுவும் வராது, வடிவேலு அதை யோசித்தான்" என்றார். சரி, சப்பான்காரன் போன பிறகு இத்தனை வருஷம் இருந்ததே, அப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். "லுப்பா லா." மறந்துபோயிருப்பான்.

இதில் எது மச்சான்? என்னை நம்பவில்லையா, என்னைக் காப்பாற்றினாயா, இல்லை சும்மா மறந்துபோனாயா? பல் தேய்க்கும்போது முதலாவது சரி என்று படுகிறது. சாப்பிடும்போது இரண்டாவது. உன் சிரிப்பை நினைத்தால் மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது. நான் தகட்டைக் காட்டிக் கேலி பண்ணும்போதெல்லாம் நீ சிரித்தாயே, அது எந்தச் சிரிப்பு?

பாக்கியத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். உன்னை நினைத்து ஒரு நிமிஷம் சிரிக்கக்கூடச் செய்தாள். அப்புறம், "சரி அண்ணே, கிளம்புங்க" என்றாள்.

"எங்கேம்மா?"

"சொன்ன வீட்டுக்கெல்லாம்."

அப்போதுதான் வீடுகளை எண்ணினேன். பதினொன்று, கூடக் காக்கா கடை. பிள்ளையையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் மலாயில் சொல்ல, நான் தமிழில் சொல்ல வேண்டும். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா, "அவர் ரெண்டு வார்த்தை சொன்னா நீங்க இருபது வார்த்தை சொல்றீங்களே, நடுவுல நீங்களா சேர்க்கிறீங்களா?" என்று கேட்டாள். உண்மைதான், கொஞ்சம் சேர்த்திருந்தேன். அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டேன். காக்கா கடையில் எல்லாரும் கேட்கும்படி, "வடிவேலு எஞ்சினைத் திருடவில்லை. குப்பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்தான். திருட்டு என்று சொன்னது நான், தப்பு என்னுடையது" என்றேன். மாட்டின் நிறம் சொன்னவர் எழுந்து வெளியே போனார்.

கோயில் தலைவர் வீட்டுக்கும் போனோம். கேட்டுக்கொண்டார். தலையை ஆட்டினார். அது எந்த ஆட்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது கடிதத்தை லெட்சுமியே எழுதினாள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். இரும்பில் வெட்டியிருந்த நம்பரைப் பாக்கியம் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்துச் சொன்னாள். கம்பெனிக்காரர்களுக்கு நடந்தது எல்லாவற்றையும் எழுதினோம். அவர்கள் அதைப் படித்து என்ன நினைத்தார்களோ, ரிங்கோடு பில்லைத் தவிர ஒரு வரியும் வரவில்லை. அதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது பார்சல் வந்தது. மறுநாள் விடியற்காலையில் மாணிக்கம் பிள்ளை ரிங்கைப் போட்டார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. உன் மச்சினர், பாக்கியத்தின் சொந்த அண்ணன், அன்றைக்குக் காலையிலேயே சாமான் கட்டக் கயிறோடு வந்துவிட்டார். நான் கைப்பிடியைப் பிடிக்கப் போனேன். பாக்கியம் "நகருங்க அண்ணே" என்றாள்.

"அது திருப்பி அடிக்கும்மா, கை போய்விடும்."

"தெரியும். கட்டை விரலை உள்ளே வைக்கக் கூடாது. அவர் சுத்துறதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

சேலையை இழுத்துச் சொருகினாள். முதல் சுற்று ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்றில் இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் தெருவில் போனதுதான் தாமதம், வாளியும் சட்டியுமாகப் பொம்பளைகள் வர ஆரம்பித்தார்கள். உன் மச்சினர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கீழே போட்டுவிட்டு ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்.

பதினோரு மணிக்குக் கோயில் தலைவர் சைக்கிளில் வந்தார். பின்னால் அரிசி மூட்டை. இறக்கி நேராக முன்னால் கொண்டுபோனார்.

"சாமி அரிசி. முதல்ல போட்டுடும்மா."

பாக்கியம் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அரிசியெல்லாம் முடிச்சிட்டுத்தான் மிளகாய் போடுவேங்க ஐயா, பயப்படாதீங்க. சாமி மாவு உறைக்காது. ஆனா உங்களுக்கு முன்னாடி நாலு பேரு நிக்கிறாங்க."

"இது அந்த எஞ்சின்தானே?"

"எங்கிட்ட வேற எஞ்சின் இல்லீங்க."

தலைவர் அந்தப் பொம்பளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாவதாகப் போய் நின்றார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. முறை வரும்வரை நின்றார். மத்தியானப் பஸ்ஸில் உன் மச்சினர் தனியாகத் தம்பினுக்குப் போனார்.

என் குழப்பம் இன்னும் தீரவில்லை, மச்சான். நீ ஏன் சொல்லவில்லை என்பதை எந்தக் கம்பெனிக்குக் கடிதம் போட்டுக் கேட்பது? கேட்கிற இடத்தில் நீ இல்லை. அதனால் உனக்கு ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி உன்னைப் பற்றி எது புரியாவிட்டாலும், முதலில் பாக்கியத்தின் வாசலில் போய் நின்று கேட்பேன். அவளுக்கும் தெரியாவிட்டால், தெரியாமலேயே இருந்துகொள்வேன்.

பாக்கியத்துக்கு அண்ணன், அந்த வழியில் உனக்கு என்றைக்கும் மச்சான்,
சுப்பையா
காஜா பெராங், மலாக்கா